ஞாயிறு அடைத்த கடை
(நமது சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சமூகத்தாருட் பலர் உணவு விடுதி நடத்துவோராதலின், அத்தொழிலில் நின்றே பொதுத்தொண்டும் ஆற்றி நெடுங்காலம் வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தனர். நம்மவருள் ஒருவரையே யான் எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்தோர் உளர். ஒருவரை எடுத்தால், விடுபட்டவர் கடையில் எனக்குக் காப்பி கிடைப்பது அரிதாகும். (சிரிப்பு.) ஆதலின் கடல் கடந்து சென்று ஒருவரைத் தேர்ந்து வந்துள்ளேன்.

அவர் பெயர் ட்ரூயட் கேதி. அமெரிக்க நாட்டின் தென்பாகத்திலுள்ள ஜார்ஜியா மாகாணத்தில், ஈட்டன்டன் என்னும் சிற்றூரில், 1921-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் நாள் பிறந்தார். அன்னார் இளமை வறுமையில் கழிந்தது. அட்லாண்டா நகரில் தாயார் வீட்டிற் பிறர்க்கு இடமும் உணவும் அளித்துக் குடும்பத்தைத் தாங்கினார். மைந்தர் அடுக்களையில் அவருக்குத் துணைநின்றார். சிறு வயதிலேயே கோக்கோகோலாப் புட்டிகள் ஆறு 25 சென்ட்டுக்கு வாங்கி, ஒவ்வொன்றையும் 5 சென்ட்டுக்கு விற்பாராம். ஆறு புட்டி விற்றால் ஆதாயம் 5 சென்ட். செய்தித்தாள் போடும் வேலையும் செய்தார்.

இரண்டாம் உலகப் பெரும்போர்க் காலத்தில் அவர் அமெரிக்கத் தரைப்படையிற் பணியாற்றினார். போர்க்களத்தில் அரும்பெருஞ் செயல் புரிந்தார் என்று மிகைபடக் கூற நான் வரவில்லை. அழைத்த கடமையைச் செய்தார், 1945-ல் விடுவிக்கப்பெற்று வீடு திரும்பினார், அவ்வளவே. படையிலிருந்து மீண்ட இளைஞர் பலர் உத்தியோகம் தேடி அலைந்த அந்நாளில், அவரும் அவர் தம்பி பென்னும் காரை விற்றும் வங்கியிற் கடன் பெற்றும் 10,600 டாலர் முதல் திரட்டி, 1946 மே மாதத்தில் ஹேப்வில் என்னும் ஊரில் ஓர் உணவுக்கடை திறந்தனர். உயர்ந்த இருக்கைகள் பத்து, மேசைகள் நான்கு. கடை அவ்வளவு சிறியது. அதனாற்போலும் 'குள்ளன்' என்னும் பொருள்பட 'ட்வார்ஃப் கிரில்' என்று பெயரிட்டனர். பகலிரவு இருபத்துநான்கு மணி நேரமும் கடை திறந்திருக்கும். உடன்பிறந்தார் இருவரும் மாறி மாறி நின்றனர்.

அன்பர்களே, ஈண்டுச் சிறிது நிற்போம். முதல் வாரம் முடிந்தபோது இருவர்க்கும் கால் நிற்கவில்லை. அவர்கள் கிறிஸ்தவப் பற்று மிக்க குடும்பத்தினர். ஞாயிறு வழிபாட்டு நாள். கடையை அன்று அடைத்துவிடுவது என்று முடிவு செய்தனர். தமக்கு மட்டுமன்று, தம்மிடம் வேலை செய்வோர்க்கும் அந்நாள் ஓய்வுநாள் என்பதே அம்முடிவின் சாரம். கடன் பட்டுக் கடை வைத்தவன், வியாபாரம் மிகுதியாக நடக்கக்கூடிய ஒரு நாளை விடுவதென்றால் எளிதா? இங்குள்ள கடைக்காரர்கள் அறிவீர்கள்.

1949-ல் தம்பி விமான விபத்தில் இறந்தார். 1960-ல் அவருடைய இரண்டாவது கடை தீக்கிரையாயிற்று. அப்பால் நேர்ந்தது விந்தை. விமானப் பயணிகளின் உணவுத் தட்டுக்கு அளவிற் பொருந்தாத கோழிக்கறித் துண்டுகளை ஒரு வியாபாரி இவரிடம் கொணர்ந்தார். (சைவ அன்பர்கள் பொறுத்தருள்க.) அவற்றை விரைவிற் பொரித்து ரொட்டியின் இடையே வைத்து விற்கும் பக்குவத்தை இவர் பலகாலும் முயன்று கண்டார். அதனை முதலாகக் கொண்டு 1967-ல் அட்லாண்டாவில் 'சிக்-ஃபில்-ஏ' என்னும் பெயரில் முதற் கடை தோன்றியது. 2014 செப்டம்பர் 8-ஆம் நாள், தம் 93-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அப்பெயரில் 1,800-க்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. ஞாயிறு அவை யாவும் அடைத்தே இருந்தன, இன்றும் அவ்வாறே.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார்? தம் தேவாலயத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவர்க்கு வகுப்பு நடத்தினார். ஓர் ஆண்டு ஈராண்டு அன்று, ஐம்பது ஆண்டுகட்கு மேல்! ஆசிரியத் தொழில் செய்யும் எனக்குத் தெரியும், எந்த வயதினரையும் சமாளிக்கலாம், பதின்மூன்று வயதுப் பையன்களைச் சமாளிப்பதே அரிது. 1973 முதல் தம் கடைகளில் வேலை செய்த மாணவர்க்குக் கல்லூரிப் படிப்புக்கு 1,000 டாலர் உதவித்தொகை அளித்தார். 1984-ல் ஓர் அறநிலையம் நிறுவினார். பெற்றோரின் ஆதரவற்ற குழந்தைகளைக் கூட்டமாக ஒரு மண்டபத்தில் அடைக்காமல், ஒரு கணவனும் மனைவியும் பெற்றோர்போல் உடனிருந்து வளர்க்கும் இல்லங்களை அந்நிலையம் அமைத்தது.

அக்குடும்பத்தின் சமயக் கொள்கைபற்றி 2012-ல் அந்நாட்டிற் பெரும்பூசல் எழுந்ததும் உண்டு. அவர் கொண்டன யாவும் நாம் கொள்ளத்தக்கன என்று நான் சொல்லேன். அவர் செல்வத்திலும் எனக்கு அத்துணை வியப்பில்லை. அந்த அடைத்த கதவு ஒன்றே என் நெஞ்சை விட்டு நீங்காதது. காரணம் சொல்கிறேன்.

என் தந்தையார் ஓர் உணவு விடுதியிற் சரக்கு மாஸ்டராக இருந்தார். விடுதியின் பெயர் வேண்டா. முதலாளி கொடியவரும் அல்லர், தீபாவளிக்கு வேட்டி தவறாமல் தருவார். ஆயினும் அங்கு விடுமுறை என்னும் சொல் இல்லை. நான் புலவர் தேர்வில் தேறிய செய்தியைச் சொல்ல ஓடினேன். அது காலைப் பலகாரக் கூட்டம் மிகுந்த நேரம். எண்ணெய்ச் சட்டிமுன் நின்றவர், கரண்டியைக் கீழே வைக்க இயலாமல், முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பி, "சரிடா, அம்மாகிட்டச் சொல்லு" என்றார். அன்றிரவு அவர் வீடு வந்தபோது நான் உறங்கிவிட்டேன். அச்செய்தியைப் பற்றி நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வாய்த்ததே இல்லை.

நம் சங்க மாணவர் விடுதியின் வாயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கல் பளபளக்கிறது. கொடுத்தவர்கள் வாழ்க. ஆனால் அக்கல்லைக் கடந்து உள்ளே வந்து, பையன்களோடு ஒரு மணி நேரம் உட்காருவோர் ஓரிருவரே. அவர்களுட் பலர் உங்கள் கடைகளில் வேலை செய்வோர் பெற்ற பிள்ளைகள். அவர்தம் தந்தையர்க்கு வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்கள் என்று கேட்பதற்கே நான் இவ்வளவு தூரம் அமெரிக்கா போய் வந்தேன். அங்கத்தினர் கூடி நாளை முடிவு செய்யுங்கள். கிழமைக்கு ஒரு கடையாக முறை வைத்துக்கொண்டாலும் சரி.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் மாணவர் விடுதியில் இருப்பேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் பன்னிருவர். தமிழ் நான் பார்த்துக்கொள்வேன். கணக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பழகியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள்.