சுவரில் தொங்கும் முருகன்



பெங்களூரில், ஆலை வேலைக்கென்று வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஸ்ரீராம்புரத்தில், சந்துக்குள் இருக்கும் ஒரு சிறு வீட்டின் கூடத்தில், பாட்டிக்கும் பேரனுக்கும் நிகழ்ந்த ஒரு விவாதத்தை அண்மையில் கேட்க நேர்ந்தது. சித்திரம் பயிலும் பேரன் சுவரில் தொங்கிய சிவகாசி நாட்காட்டி முருகனைக் காட்டி, “இது கலையே இல்லை பாட்டி, அச்சில் அடித்த பொம்மை” என்றான். தேதித் தாள்கள் என்றோ தீர்ந்துபோக, படத்தை மட்டும் கத்தரித்துச் சட்டம் போட்டு, கண்ணாடியின் மேலேயே நாள் தவறாமல் சந்தனமும் குங்குமமும் இட்டு இட்டு நெற்றிப் பொட்டு தடித்துப்போயிருந்த அந்தப் படத்தைப் பாட்டி நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இவன் என்னைப் பார்க்கிறான் கண்ணு, நீ எழுதற படம் யாரைப் பார்க்குது?” என்று கேட்டாள்.

இந்த வழக்கு மிகப் பழையது. பேரறிஞர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். 1910-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில், இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி நூலே இயற்றிய ஜார்ஜ் பேர்ட்வுட், ஜாவாவிலிருந்து வந்த புத்தர் சிலையொன்றின் படத்தைப் பார்த்து, அதை வேகவைத்த மாவுப் பண்டத்துக்கு ஒப்பிட்டார். கிரேக்கச் சிற்பங்களின் தசைத் திரட்சியில் பழகிய அவருடைய நயனங்கள் தேகத்தைத் தேடின. சிற்பியோ தியானத்தைச் செதுக்கியிருந்தான்.

இத்தகைய பார்வையை எதிர்த்து, நடராஜ மூர்த்தியின் தத்துவத்தை மேல்நாட்டாருக்கு விளக்கியவர், இலங்கைத் தமிழரான சர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி. ஆனால் அந்த மகானே ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களை நாடகத் தன்மை மிகுந்தவை, பாரத உணர்வு குன்றியவை என்று ஒதுக்கினார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ரவிவர்மாவின் தேவியர் பலர் அரங்கில் நிற்பவர்களைப் போலத்தான் நிற்கிறார்கள். எனினும், 1894-இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும், கோயில் வாசலைத் தாண்ட அனுமதி மறுக்கப்பட்டவர்கள்கூடக் காசு கொடுத்து வாங்கித் தங்கள் வீட்டில் விளக்கேற்றி வணங்கக்கூடிய தெய்வங்களாயினர் என்பதை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? செப்புத் திருமேனியிடம் கேட்க வேண்டியதைக் காகிதப் படத்திடம் கேட்டார் குமாரசுவாமி என்பதே என் கருத்து.

ரவிவர்மாவின் அந்த அச்சுப்பட மரபின் நம் பக்கத்து வாரிசு, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிப் பின்னர் கோவில்பட்டியில் நிலைத்துவிட்ட சி. கொண்டையராஜு. அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே தமிழர் வாழும் ஊர்களுக்கெல்லாம் சென்றன. அந்தத் தெய்வங்களின் விழிகளைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அவை பக்கவாட்டில் நோக்குவதில்லை. கூடத்தின் எந்த மூலையில் நின்றாலும் நம்மையே நோக்குகின்றன. கற்பூர ஒளியில், ஒருவர் கைகூப்பி எதிரே நிற்கும்போது பூர்த்தியாகும்படி எழுதப்பட்ட சித்திரம் அது. ஓவியக் கூடத்தின் வெள்ளைச் சுவரில் மாட்டினால் அதில் பாதிதான் தெரியும்.

பேரன் ரேகையையும் வர்ண அமைதியையும் பார்க்கப் பழகியவன். அந்தப் பயிற்சி வீண் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் பாட்டி எழுப்பியதும் ரசனையின் கேள்விதான். விமரிசகர்கள் கேட்க மறந்த கேள்வி.

நேயர்களே, உங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படியொரு பழைய படம் இருக்கக்கூடும். இன்றிரவு விளக்கேற்றும்போது அதன் கீழ் ஓரத்தில் எழுதியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கும்படி அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.