மணலில் வறுபடும் கச்சான்

மட்டக்களப்புச் சாப்பாடு என்று பேச்செடுத்தால் எருமைத் தயிர், வாவி இறால், காத்தான்குடிக் கொத்து ரொட்டி என்று அடுக்கிக்கொண்டே போவோம். கோயில் வீதியிலும் கல்லடிக் கடற்கரையிலும் தள்ளுவண்டியில் வறுக்கிற கச்சானை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. மலிவான பண்டம், பொழுதுபோகக் கொறிப்பது என்று விட்டுவிடுகிறோம். அந்த வண்டிக்குப் பின்னால் நிற்கிறவரின் கைவேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அடுப்படி வேலைகளில் அதை மிகக் கடினமான ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தீர்த்தக்குளத்தில் முழுகி, சாமி கும்பிட்டு வெளியே வந்தால் வீதி நெடுகக் கச்சான் கடைகள். பல கடைகளில் வறுக்கிறவர்கள் பெண்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சரையாவது வாங்காமல் திருவிழாவிலிருந்து திரும்ப மனம் வராது.

அந்தக் கடைகளில் ஒன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெரிய இரும்புத் தாச்சி, அதற்குள் மணல். எண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது. வெறும் தாச்சியில் போட்டால் இரும்பில் படுகிற பக்கம் கருகும், மற்றப் பக்கம் பச்சையாகவே கிடக்கும். சூடேறிய மணலோ ஒவ்வொரு கச்சானையும் சுற்றிவர மூடிக்கொள்ளும். கோதின் மேடு பள்ளமெல்லாம் ஒரே சூடு. ஆனால் கிண்டுகிற கை நிற்கக் கூடாது. நின்றால் அடிமணல் சூடு கூடி, கீழே கிடப்பது கருகிவிடும்.

இறக்குகிற நேரத்தில்தான் வித்தை இருக்கிறது. கச்சான் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். மணலை விட்டு எடுத்த பிறகும் உள்ளே சூடு நின்று பருப்பை வறுத்துக்கொண்டே இருக்கும். தாச்சியிலேயே சரியான பதம் வந்துவிட்டால் நம் கைக்கு வரும்போது பதம் தப்பியிருக்கும். கைதேர்ந்தவர் சற்று முந்தியே அரிதட்டில் அள்ளிச் சலிப்பார். மணல் தாச்சிக்குத் திரும்பும், கச்சான் தட்டில் நிற்கும். அந்தக் கணத்தை அவருக்குச் சொல்ல மணிக்கூடு இல்லை. வாசனை சொல்லும். சத்தமும் சொல்லும். ஈரம் உள்ளபோது மந்தமாகப் புரளும் கச்சான், ஈரம் போகப் போகக் கலகலக்கத் தொடங்கும். சுடச்சுட வாயில் போடப் போன என்னை ஓர் அம்மா ஒருதரம் தடுத்தார்: "கொஞ்சம் ஆறட்டும் மனே, அப்பத்தான் கறுமுறுக்கும்." சூட்டோடு தின்றால் பருப்பு மெத்தென்றுதான் இருக்கும்; ஆறிய பிறகே இறுகும்.

காலநிலையும் பார்க்க வேண்டும். ஆடியில் மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும். வறுத்தது நெடுநேரம் மொறுமொறுப்பாக நிற்கும். மாரி மழையில் அப்படியில்லை, சீக்கிரம் நமுத்துவிடும். அந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக வறுத்து விற்கிறவரே நல்ல வியாபாரி.

அடுப்பு மூட்டுவதற்கு முன்னரும் ஒரு வேலை உண்டு. அதை நாம் காண்பதில்லை. சுளகில் போட்டுப் புடைத்து, சொத்தையையும் பூஞ்சணம் பிடித்ததையும் பொறுக்கி எறிய வேண்டும். ஈரத்தில் கிடந்த கச்சானில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலைக் கெடுக்கும் அந்த நஞ்சு, வறுத்தாலும் முற்றாக அழியாது. ஆகவே பொறுக்குகிற கண்ணுக்கும் வறுக்கிற கைக்கும் நான் ஒரே மதிப்புத்தான் கொடுப்பேன்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வறுத்த பருப்பும் ருசிதான். ஆனாலும் என் தெரிவு கோதோடு வறுத்தது. உப்பு சில குறைகளை மறைத்துவிடும். கோதுக் கச்சானில் வறுத்தவரின் திறமை அப்படியே தெரியும். கடதாசிச் சரையிலேயே கேட்டு வாங்குங்கள். பொலித்தீன் பையில் சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து, அத்தனை பாடும் வீணாகிவிடும். ஏற்கெனவே குவித்து வைத்திருப்பதைக் காட்டாமல் "அடுத்த தாச்சி இறங்கட்டும்" என்று ஒருவர் சொன்னால், அவசரப்படாமல் நின்று அவரிடமே வாங்குங்கள்.