எழுதியது அழியாதிருக்க



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. இத்தகைய இரவுகளில் மின்சாரமும் இணையத் தொடர்பும் அற்றுப்போவது நாம் அறிந்ததே. பயிர்ச் சேத விவரத்தை இணையதளத்திற்காகத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் உழைப்பு அப்போது என்னவாகும்?

இதற்கெனவே வரைவைத் தானாகச் சேமிக்கும் ஏற்பாடு உள்ளது. 2003-ல் வெளிவந்த வேர்டுபிரஸ் என்னும் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான அமைப்பில் அது 60 வினாடிக்கு ஒரு முறை வரைவைச் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. முன்பே வெளியிட்ட பக்கத்தைத் திருத்தும்போதும் அஞ்ச வேண்டியதில்லை. 'புதுப்பி' என்று நாம் ஆணையிடும்வரை மக்கள் பழைய பக்கத்தையே காண்பர். அரைகுறைக் கணக்கு ஊரில் பரவாதல்லவா?

தொடர்பு அற்றால் சர்வருக்கு ஒன்றும் போகாது. உலாவி தன்னிடம் ஒரு பிரதி வைத்திருக்கும். அதுவும் அந்தக் கணினியில்தான். அலுவலகத்தில் எழுதியதை வீட்டுக் கணினியில் தேடிப் பயனில்லை. மேலும், தானாகச் சேமித்ததில் ஒருவருக்குக் கடைசிப் பிரதி ஒன்றே தங்கும். நேற்றைய வாசகம் வேண்டுமாயின், 'வரைவைச் சேமி' என்னும் பொத்தானை நேற்றே நாம் அழுத்தியிருக்க வேண்டும்.

2022 முதல் நவம்பர் 1-ம் நாளும் கிராம சபை கூடுகிறது. அதுவோ வடகிழக்குப் பருவமழைக் காலம். தீர்மானங்களைத் தட்டச்சு செய்பவர் ஒவ்வொரு தீர்மானம் முடிந்ததும் தாமே சேமிப்பாராக. கையெழுத்திட்ட தீர்மானப் புத்தகமும் அருகிலேயே இருக்கட்டும்.