மாற்று மூட்டும் மறுவாழ்வும்



முழங்கால் வலியைப் பற்றிய பேச்சு எழாத வீடு இன்று அரிது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இப்பேச்சு பெரும்பாலும் பெற்றோரைப் பற்றியதாகவே இருக்கிறது. ஊரில் தனித்திருந்த தாயோ தந்தையோ நடமாட இயலாமற் போனதும், மக்கள் அவர்களைத் தில்லிக்கோ மும்பைக்கோ அழைத்து வந்து, தேய்ந்த மூட்டை அகற்றி மாற்று மூட்டுப் பொருத்தச் செய்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், காரியம் முடிந்தது என்று எல்லோரும் பெருமூச்சு விடுகிறோம். உண்மையில் காரியம் அங்கேதான் தொடங்குகிறது. அதனை எடுத்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் சொற்களைச் சற்று நிறுத்துப் பார்ப்பது வழக்கம். 'மூட்டு மாற்று' என்னும் தொடர், பழைய அச்சாணியைக் கழற்றிப் புதியதைச் செருகினால் வண்டி தானே ஓடும் என்பது போன்றதோர் எண்ணத்தை உண்டாக்குகிறது. அதனை அடுத்து வரும் நிலைக்கு மருத்துவர்கள் வழங்கும் சொல் 'மறுவாழ்வு'. 1947-இல் நாடு பிரிந்தபோது வீடிழந்து வந்த மக்களைக் குடியமர்த்திய அரசுப் பணிக்கும் இச்சொல்லே வழங்கிற்று. அகதிக்கு ஒரு கூரையைக் கொடுத்தவுடன் மறுவாழ்வு நிறைவேறிவிடுவதில்லை. அவர் அங்கே ஒரு தொழிலைத் தேடி, அக்கம்பக்கத்தாருடன் பழகி, அவ்விடத்தைத் தம் இடமாக்கிக்கொள்ள வேண்டும். புது மூட்டைப் பெற்றவருக்கும் அவ்வாறே.

இச்சிகிச்சையின் வரலாறும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர், இடுப்பு மூட்டின் கிண்ணத்தை முதலில் டெஃப்லான் என்னும் பொருளால் செய்து பார்த்தார். நோயாளிகள் வலி நீங்கி மகிழ்ந்தனர். சில ஆண்டுகளிலேயே அக்கிண்ணங்கள் தேய்ந்து பழுதாயின. 1962-இல் அவர் பாலிஎதிலீன் கிண்ணமும், சிறிய உலோகத் தலையும், அவற்றை எலும்பில் பதிக்க அக்ரிலிக் சிமெண்டும் கொண்டு வெற்றி கண்டார். தம் நோயாளிகள் இறந்தபின் அந்த மூட்டுகளை ஆய்வுக்குத் திருப்பித் தர வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். ஒரு மூட்டின் உண்மையான கதை ஆண்டுகள் பல கழிந்த பின்னரே தெரியவரும் என்பதை அவர் பட்டு அறிந்தவர். சுவீடன் நாடு 1975-இல் முழங்காலுக்கும், 1979-இல் இடுப்புக்கும் தேசியப் பதிவேடுகளைத் தொடங்கியதும் இக்கருத்தினாலேயே.

நம் நாட்டில் இச்சிகிச்சையைப் பாமரரும் அறியச் செய்தவர் பிரதமர் வாஜ்பாய் எனலாம். 2000 அக்டோபரில் ஒரு முழங்காலையும், 2001 ஜூனில் மற்றொன்றையும் அவர் மும்பையில் மாற்றிக்கொண்டார். இரண்டாவது அறுவை நடந்த அடுத்த மாதமே ஆக்ராவில் பாகிஸ்தான் அதிபருடன் உச்சிமாநாட்டில் கலந்துகொண்டார். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்து, பெரிதும் பயன்படும் கோபால்ட்-குரோமிய வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என நிர்ணயித்தபோது, நடுத்தரக் குடும்பங்களும் துணிந்து முன்வரலாயின.

இம்மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதே எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2019-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கணக்கு இதற்கு விடை தருகிறது. 25 ஆண்டுகள் கழிந்த பின்னும், நூறு முழு முழங்கால் மூட்டுகளில் ஏறக்குறைய 82-உம், நூறு இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய 58-உம் மாற்றப்படாமல் நிலைத்திருந்தன. அறுபத்தைந்து வயதில் பொருத்திய முழங்கால் பெரும்பாலோர்க்கு ஆயுள் உள்ளளவும் போதும்.

ஆனால் மூட்டு நிலைப்பது வேறு. மனிதர் நடப்பது வேறு. முழங்கால் மாற்றியோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் முழு மனநிறைவு எய்தவில்லை என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணும் செய்தி. இடுப்பு மாற்றியோர் பொதுவாக விரைந்து தேறுகிறார்கள். மேலும், காலில் கருவி கட்டி அன்றாட நடையை அளந்தபோது, வலி குறைந்த அளவுக்கு நடை கூடவில்லை என்பதும் தெரியவந்துள்ளது.

இதற்குக் காரணம் என்ன? முதற் காரணம் தசை. பல்லாண்டு வலியில் ஒதுக்கி வைத்த காலின் தொடைத் தசை மெலிந்துபோயிருக்கும். அறுவைக்குப் பின் முதற் சில வாரங்களில் அது மேலும் வலு இழக்கும். புது மூட்டை இயக்க வேண்டியதோ அப்பழைய தசையே. அதற்கு வலுவூட்டும் வேலை மாதக்கணக்கில் நீளும். ஓராண்டுவரை படிப்படியாக முன்னேற்றம் காணலாம். வலி போயிற்று என்று ஆறாம் வாரத்தில் பயிற்சியை நிறுத்துவோர், பயனில் ஒரு பகுதியைக் கைநழுவ விடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் நம் வாழ்க்கை முறை. சமதரையில் நடக்க முழங்கால் ஏறக்குறைய 60, 70 பாகை மடங்கினால் போதும். நாற்காலியினின்று எழ 90-க்குச் சற்று மேல் தேவை. மாற்று முழங்கால்கள் பெரும்பாலும் 110 முதல் 120 பாகைவரை மடங்குகின்றன. குத்துக்காலிட்டு அமரவோ 130-க்கும் மேல் வேண்டும். ஆகவே பந்தியில் சம்மணமிடுவதும், வாசலில் குனிந்தமர்ந்து கோலமிடுவதும், சந்நிதியில் விழுந்து வணங்குவதும் பலருக்கு எட்டாமற் போகலாம். இவை சிறிய இழப்புகள் அல்ல. அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இதனைப் பேசித் தெளிந்தவர் பின்னர் ஏமாற்றம் அடைவதில்லை.

மூன்றாவது காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. நாம் நன்கறிந்த தாயார் ஒருவர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து, தில்லியில் மகனுடைய இரண்டாம் மாடிக் குடியிருப்புக்கு வந்தார். இரு முழங்கால்களும் மாற்றப்பெற்றன. ஆறு மாதத்தில் வலி போயிற்று. ஓராண்டாகியும் அவர் தனியே படியிறங்கவில்லை. தடுத்தது கால் அன்று. இந்தி அறியாமல் இறங்கி யாரிடம் பேசுவது என்னும் தயக்கம் ஒன்று, "நீங்கள் ஏன் அம்மா அலைய வேண்டும்?" என்று பாலையும் காய்கறியையும் வாசலுக்கே வரவழைத்த மகனுடைய அன்பு மற்றொன்று. ஒருநாள் கீழ்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி அவரைக் கைபிடித்துச் செவ்வாய்தோறும் கூடும் மங்கள் பஜாருக்கு அழைத்துச் சென்றார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, விரல்களாலேயே பேசிக்கொண்டனர். அடுத்த செவ்வாயன்று அம்மையார் தாமே இறங்கி அவருக்காகக் காத்து நின்றார். சில மாதங்களில் ராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயில் படிகளைக் கைப்பிடி பற்றி ஏறினார். தரையில் அமர்ந்து கோலமிட அவரால் இன்றும் இயலவில்லை; அக்குறை அவருக்கு உண்டு. ஆயினும் அவர் வீட்டில் அடைபட்டவராக இல்லை.

வெளிமாநிலத்தில் பெற்றோரைப் பேணும் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. மருத்துவமனை தரும் பயிற்சித் தாள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதனைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே சுவரில் ஒட்டலாம். பயிற்சி அளிப்பவர் வரும்போது இடையிலிருந்து மொழிபெயர்ப்பதோடு, முதியவர் கேட்க விரும்புவதையும் கேட்டுச் சொல்ல வேண்டும். படியேறும்போது நல்ல காலை முதலில் வைப்பதும், இறங்கும்போது அறுவை செய்த காலை முதலில் வைப்பதும் எளிதில் மனத்தில் பதியும் விதி. குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் இருக்க வேண்டும். நடையும் நீச்சலும் நல்லவை. ஓட்டமும் குதிப்பும் பொதுவாக ஆகா. தழும்பின் ஓரத்தில் சிறிது உணர்வின்மை இருப்பது இயல்பு. ஆனால் எத்தனை ஆண்டு கழிந்தாலும், மூட்டில் புதிதாக வலியோ, வீக்கமோ, சிவப்போ, காய்ச்சலோ கண்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூட்டு தளர்வது சில வேளை வலியின்றியே நிகழுமாதலால், மருத்துவர் குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதையும் தவறவிடலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே முதியவரிடம் ஒரு கேள்வி கேட்போம்: "கால் சரியானதும் எங்கே போக விரும்புகிறீர்கள்?" பேத்தியின் பள்ளிக்கூட வாசல்வரை என்பார் ஒருவர். ஊரில் உள்ள தம் வயல்வரப்பு என்பார் மற்றொருவர். விடை எதுவாயினும் அதனைக் குறித்துக்கொண்டு, அவ்விடத்துக்கு அவர் தம் காலாலேயே நடந்து சேரும்வரை உடன் நிற்பது நம் கடமை. மூட்டைப் பொருத்துவது மருத்துவர் பணி. அது போய்ச்சேர ஓர் இடத்தைக் காட்டுவது நம் பணி.