செட்சி ஈயும் திமிலில்லா மாடும்

கினி நாட்டின் ஃபூட்டா ஜாலோன் மேட்டுநிலம் என்டாமா மாட்டின் தாயகம். சந்தையில் இதைப் பார்க்கிற வெளியூர் வியாபாரி விலை கேட்கவே யோசிப்பார். திமில் இல்லை. வெளிர்பழுப்பு நிறம், குட்டை உடல், வளர்ந்த பசுவே சுமார் 250 கிலோதான். கறவையும் சொல்லிக்கொள்ளும்படி இராது. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் மற்ற பல மாடுகள் செத்து விழும் ஈரக்காடுகளில் இது மேய்ந்து, சினைபிடித்து, கன்று ஈன்று வாழ்கிறது.

அங்கே மாட்டைக் கொல்வது செட்சி ஈ கொண்டுவரும் நகானா நோய். 1895இல் ஜூலூலாந்தில் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ், நோயுற்ற மாடுகளின் இரத்தத்தில் நெளியும் ஓரணு ஒட்டுண்ணியைக் கண்டார். டிரிப்பனோசோமா என்பது அதன் பேரினம். சகாராவுக்குத் தெற்கே சுமார் 1 கோடி சதுர கிலோமீட்டர் இந்த ஈயின் ஆட்சியில் இருக்கிறது.

இந்த ஒட்டுண்ணியின் தந்திரத்தைத் தெரிந்துகொண்டால்தான் என்டாமாவின் திறமை விளங்கும். அதன் மேனியை ஒரே வகைப் புரதம் சுமார் 1 கோடி பிரதிகளாக மூடியிருக்கிறது. மாட்டின் உடல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு, எதிர்ப்பொருள் தயாரித்துப் படையை வீழ்த்தும்போது, சில ஒட்டுண்ணிகள் மட்டும் வேறொரு புரதத்துக்கு மாறியிருக்கும். அவை பெருகும்; மறுபடி எதிர்ப்பு, மறுபடி வேடமாற்றம். இன்றுவரை நகானாவுக்குத் தடுப்பூசி வராததற்கு முக்கியக் காரணம் இதுதான். இந்த ஓயாத போரில் மாட்டின் உடல் தன் சொந்தச் சிவப்பணுக்களையே அழிக்கத் தொடங்குகிறது. இரத்தச்சோகை முற்றி மாடு மெலிந்து சாய்கிறது.

என்டாமாவுக்கும் நோய் தொற்றத்தான் செய்கிறது. ஆனால் அதன் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் குறைவாகவே பெருகுகின்றன, இரத்தச்சோகையும் கடுமையாவதில்லை. ஆய்வாளர்கள் இதைத் தாங்குதிறன் என்கிறார்கள். எதிரியை ஊருக்குள் விட்டுவைத்தபடியே குடித்தனம் நடத்தும் வித்தை அது. திமிலில்லா மாடுகள் பல ஆயிரம் ஆண்டுகளாக இந்த ஈயோடு வாழ்ந்து, பிழைத்தவை மட்டும் கன்று ஈன்றதால் அது வந்தது.

திமில் மாடு அங்கே பின்னால் வந்த விருந்தாளி. சிந்துவெளிப் பகுதியில் வீட்டுவிலங்கான செபு மாட்டின் வழிவந்தது அது; நம் காங்கேயமும் அதே வம்சம். உண்ணியையும் வெயிலையும் சமாளிப்பதில் இந்த வம்சத்துக்குப் பெயர் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்காரர்கள் 1933இல் இவ்வம்சத்துப் பிராமன் மாடுகளை இறக்குமதி செய்தது அதற்காகத்தான். அதே திமில் மாடுதான் செட்சி ஈ நாட்டில் முதலில் விழுகிறது. ‘நாட்டு மாட்டுக்கு நோயே வராது’ என்று மேடையில் முழங்குகிறவர்கள், எந்த நாட்டில், எந்த நோய் என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

என்டாமாவின் இரகசியத்தைத் தேடும் வேலை கென்யாவின் நைரோபியில் நடந்தது. 1980களில் காம்பியாவிலிருந்து உறைந்த என்டாமா கருக்கள் விமானத்தில் வந்தன. உள்ளூர்த் திமில் இனமான போரன் பசுக்கள் அவற்றைச் சுமந்து ஈன்றன. பிறகு ஒரு விசித்திரமான சோதனை. ஓர் என்டாமா கருவையும் ஒரு போரன் கருவையும் ஒரே கருப்பையில் வளர்த்தார்கள். மாட்டின் இரட்டைக் கருக்கள் நஞ்சுக்கொடி வழியே இரத்தத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஆகவே பிறந்த கன்றுகளில் இரு இனங்களின் இரத்த அணுக்களும் கலந்திருந்தன, போரனுடையது பெரும்பங்கு. நோயைத் தொற்றவைத்தபோது, கலப்பு இரத்தம் ஓடிய என்டாமாக்கள் ஒட்டுண்ணியை வழக்கம்போலவே கட்டுப்படுத்தின. இரத்தச்சோகையை மட்டும் அவற்றால் அடக்க முடியவில்லை. சோகையைத் தாங்குவது இரத்தத்தை உருவாக்கும் திசுவின் வேலை, ஒட்டுண்ணியை அடக்குவது உடலில் வேறெங்கோ நடக்கும் வேலை என்று 2003இல் வெளியான இந்த ஆய்வு பிரித்துக் காட்டியது.

அதே ஆண்டில் வந்த இன்னொரு முடிவு இதைவிடச் சுவையானது. என்டாமாவையும் போரனையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 177 மாடுகளைச் சோதித்தபோது, தாங்குதிறனோடு தொடர்புடைய 18 மரபணுப் பகுதிகள் பல குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தன. அவற்றுள் 9 பகுதிகளில் நன்மை தரும் வடிவம் என்டாமாவிடமிருந்து வந்தது. 5 பகுதிகளில் அது வந்ததோ, நோய்க்கு எளிதில் பலியாகும் போரனிடமிருந்து! மற்ற நான்கில் இரண்டும் கலந்திருந்தால்தான் பலன் கூடுவதாகத் தெரிந்தது. முறையாகத் தேர்ந்து கலந்தால் பெற்றோர் இரண்டையும் மிஞ்சும் ஓர் இனத்தை உருவாக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். தூய இனத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்ற வாதத்துக்கு இது வசதியாக இல்லை. பழைய இனத்தைக் கைவிடலாம் என்பவர்களுக்கும் வசதியாக இல்லை. அந்த ஒன்பது பகுதிகளுக்கு வேறெங்கே போவது?

கிராமங்களில் இப்போது நடக்கும் கலப்போ வேறு மாதிரியானது. 1970களில் சகாராவின் தென்விளிம்பான சாஹேல் பகுதியை வாட்டிய வறட்சியில் திமில் மாட்டு மந்தைகள் தெற்கே இறங்கின. காடு அழிந்த இடங்களில் செட்சி ஈயும் குறைந்தது. பெரிய மாடு கூடுதல் விலைக்குப் போகும், ஏரும் வலுவாக இழுக்கும் என்பதால் விவசாயிகள் தங்கள் சிறிய பசுக்களைத் திமில் காளைக்கு விடுகிறார்கள். கணக்குத் தெரிந்தவர் யாரும் அதைத்தான் செய்வார். கன்று நோய்ப்பட்டால் டிமினசீன் ஊசி இருக்கிறது, ஐசோமெட்டமிடியம் இருக்கிறது. இரண்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் பழைய மருந்துகள். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் ஒட்டுண்ணி அவற்றுக்கும் பழகிவிட்டது.