ஊரை அறிந்த காவலர்



மாணவ மாணவியரே, நீங்கள் பட்டம் வாங்கும் இதே மேடையில் காவல்துறையினர் சிலருக்கும் தலைமைப் பண்புக்காகவும் மக்களோடு இணைந்து பணியாற்றியதற்காகவும் சிறப்புச் செய்திருக்கிறார்கள். எனக்கு இது மிகுந்த மகிழ்ச்சி. ஸ்டேஷன் வாசலை மிதிக்காமல் வாழ்ந்து முடிப்பதையே மானமாக நினைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். நகை திருட்டுப் போனாலும், பிள்ளை காணாமல் போனாலும், தெரிந்த வக்கீலையோ கவுன்சிலரையோ கூட்டிக்கொண்டுதான் போவோம். கொடுத்த மனுவுக்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவே ஆள் வேண்டும் என்ற எண்ணம் இன்னும் விலகவில்லை. அந்தப் பயத்தைத் தன் எல்லைக்குள் கொஞ்சமாவது குறைத்த காவலர் எவரோ, அவரே இந்த மரியாதைக்கு உரியவர்.

அந்தப் பயத்தைக் குறைக்கும் முயற்சிக்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு. 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்த இளம் காவல் அதிகாரி பிரதீப் வி. பிலிப். இரண்டே ஆண்டுகளில், இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்தபோது, ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். சாதாரணக் குடிமகனும் காவலருக்குத் தோள் கொடுக்கலாம், தகவல் சொல்லலாம், இரவு ரோந்தில் உடன் நடக்கலாம் என்றார். உடம்பில் குண்டின் காயத்தோடு வந்தவர் ஜனங்களைச் சந்தேகிக்காமல் அவர்களை நம்பினார். இதைவிடப் பெரிய தலைமைப் பண்பை நான் அறியேன். பின்னர் அந்த இயக்கம் மாநிலம் முழுவதும் பரவியது.

ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையக் கொடுமை நிகழ்ந்தது. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. இந்த இயக்கத்தின் தன்னார்வலர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று குற்றச்சாட்டு எழுந்தது, இயக்கத்தினர் மறுத்தனர். ஜூலையில் அரசு இயக்கத்துக்குத் தடை விதித்தது. ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டு உழைப்பு அதோடு நின்றுபோனது. நல்ல எண்ணத்தில் தொடங்கிய ஒன்று ஒரு மனிதரின் ஊக்கத்தை மட்டுமே நம்பியிருந்தால் போதாது என்பது என் கருத்து. யாரைச் சேர்ப்பது, என்ன பயிற்சி தருவது, தவறு செய்தால் யார் கேட்பது என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கேரளம் இதில் நம்மைவிடக் கவனமாக நடந்துகொண்டது. 2008-இல் அங்கே ‘ஜனமைத்ரி’ திட்டம் வந்தது. ஒரு பீட் அலுவலருக்கு ஏறத்தாழ 500 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அங்கே தனியாக இருக்கும் முதியவர் யார், பள்ளிக்குப் போகாத பிள்ளை யார் என்று அறிந்து வைத்திருப்பது அவர் வேலை. 2011-இல் வந்த கேரளக் காவல் சட்டத்திலேயே சமூகக் காவலுக்கு இடம் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பி. விஜயன் என்ற அதிகாரியின் முயற்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாணவர் காவல் படை தொடங்கியது. 2018-இல் அது நாடு முழுவதற்குமான திட்டமானது. விஜயன் சிறுவயதில் கூலி வேலை செய்து படித்தவர். இங்கே அமர்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்காக இதைச் சொல்கிறேன்.

சாத்தான்குளத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். அந்த ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவர் விசாரிக்க வந்தபோது, அன்றிரவு நடந்ததை அந்த அம்மா சொன்னார். சுற்றிலும் உடன் வேலை செய்பவர்கள். வாக்குமூலத்தில் கையெழுத்திட முதலில் தயங்கினார்; பிறகு போட்டார். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தோளில் நட்சத்திரம் இல்லாத அவருக்கு, தனக்குக் கீழே உத்தரவிட ஒரு படை இல்லாத அவருக்கு, அந்த நேரத்தில் இருந்த துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. காவல்துறைக்கு எத்தனை விருது தந்தாலும் முதல் விருது அப்படிப்பட்டவர்களுக்கே போக வேண்டும்.

2021 நவம்பர் மழையில், சென்னை கல்லறைத் தோட்டமொன்றில் மயங்கிக் கிடந்த இளைஞரைத் தோளில் தூக்கி ஓடிய ஆய்வாளர் ராஜேஸ்வரியை எல்லோரும் பார்த்தோம். முதலமைச்சரும் அழைத்துப் பாராட்டினார். தகுதியான பாராட்டு. ஆனால் கேமரா போகாத தெருக்களில், குடித்துவிட்டு அடிக்கும் கணவனை ராத்திரியில் போய் அடக்கிவிட்டு வரும் ஏட்டையாவை யார் பார்க்கிறார்கள்? திருவிழா பந்தோபஸ்து முடிந்து, தூங்காமல், மறுநாள் பள்ளியில் போக்சோ சட்டம் பற்றிப் பேசப் போகும் பெண் காவலரை யார் மேடை ஏற்றுகிறார்கள்? இன்றைய பட்டியலில் அத்தகையவர்களும் இருப்பது இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெருமை.

மாணவர்களே, உங்களில் சிலர் உதவி ஆய்வாளர் தேர்வு எழுதுவீர்கள். சீருடை போட்ட முதல் மாதமே உங்கள் எல்லையிலுள்ள தெருக்களை நடந்து பாருங்கள். ஜீப்பில் போனால் எந்த வீட்டையும் தெரிந்துகொள்ள முடியாது. சிலர் வழக்கறிஞராவீர்கள், சிலர் செய்தியாளராவீர்கள், பலர் சொந்த ஊரிலேயே வாழ்வீர்கள். புகார் எதுவும் இல்லாத நாளில் உங்கள் ஸ்டேஷனுக்கு ஒருமுறை போய் வாருங்கள். கிராம சபைக்கு உங்கள் பகுதிக் காவலரைக் கூப்பிடுங்கள். நன்றாக வேலை செய்த ஒருவர் மாறுதலாகிப் போனால், அவர் தொடங்கியதை அடுத்து வருபவர் தொடர்கிறாரா என்று கேளுங்கள். தொடரவில்லை என்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள், உங்கள் பெயரைப் போட்டே எழுதுங்கள்.