தடியா? தட்டிக்கொடுத்தலா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர், "நாலு போட்டாத்தான் நாய் அடங்கும்"னார். காலையில அது செருப்பைக் கடிச்சுது. இவர் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து அடிக்கிறார். அதுக்கு என்ன புரியும்? 'இவர் வந்தா அடி விழும்'னுதான் புரியும்! (சிரிப்பு)

'உட்கார்' என்றதும் உட்கார்ந்ததா? அந்த நொடியிலேயே ஒரு துண்டு தீனி கொடுங்கள். பத்து நாளில் பழகிவிடும்.

ராஜபாளையம் நாய், ஓடி வேட்டையாடிய இனம் ஐயா! அதைப் பகலெல்லாம் மூணடிச் சங்கிலியில கட்டிப்போட்டுட்டு, 'சீறுதே'ன்னா?

மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். போட்டாரா? வெறிநோய் முற்றினால் நாயும் பிழைக்காது. அது கடித்த குழந்தைக்கு நோய் கண்டுவிட்டால், காப்பாற்ற மருந்து கிடையாது. கேட்டால், "நாய்க்கு எதுக்குய்யா ஊசி?"ங்கிறார். சங்கிலி மட்டும் பித்தளையில வாங்கியிருக்கார், நடுவர் அவர்களே! (கைதட்டல்)